சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள்

இந்த ஊருக்கு வந்த புதிதில் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். "சம்பளம் எவ்ளோ கொடுக்கிறாங்க?" தொண்டூழியம்தான், சம்பளம் இல்லை என்றேன். "அப்ப சாப்பாடு?" அழைத்த அமைப்பு அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் ஒரு சிறு தொகை தருகிறது என்றேன். கேட்டவர் மெதுவாகத் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம், எனக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "சொல்ல மாட்டேங்குது."

அவர் சந்தேகப்பட்டது நியாயம்தான். கூலி வாங்காமல் உழைப்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. கோவில் திருவிழா என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். துக்க வீடு என்றால் கேட்காமலேயே கூடாரம் போட ஆள் வந்துவிடும். ஆனால் அது தன் கோவில், தன் சனம். முன்பின் தெரியாத ஒருத்தி நாகப்பட்டினத்திலிருந்து கடல் தாண்டி வந்து, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சும்மா கணக்குச் சொல்லித் தருவாளா? சேலை விற்க வந்தவள் என்று ஊரில் ஒரு கட்சி. மாப்பிள்ளை தேடி வந்தவள் என்று இன்னொரு கட்சி. முப்பத்து நான்கு வயதில் எனக்கு இரண்டாவது கட்சியைத்தான் பிடித்திருந்தது.

ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. தெலுக் இந்தானில் பேருந்தைவிட்டு இறங்கி, 1885-இல் கட்டிய அந்தச் சாய்ந்த கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு (வெளியே எட்டு அடுக்காகத் தெரியும், உள்ளே மூன்றுதான்), ஊத்தான் மெலிந்தாங் பக்கமாகப் பாகான் டத்தோ போகிற சாலையைப் பிடிக்க வேண்டும். அந்த வழியில் ஒரு தோட்டத்து ஊர். பெயர் எழுதப் போவதில்லை. நான் எழுதுவது பிள்ளைகளையும் பாட்டிகளையும் பற்றி, அவர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை. இரண்டு கடை வரிசை, ஒரு மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்), ஒரு சீனர் மளிகைக் கடை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோவில், கொஞ்சம் தள்ளி மசூதி. சாலைக்கு இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. செம்பனை முடிந்தால் தென்னை. தென்னை முடிந்தால் மறுபடி செம்பனை. பாகான் டத்தோ 2017-இல்தான் தனி மாவட்டம் ஆனது என்றாலும் தேங்காய்க்கு அதற்கு வெகு காலம் முன்பே பேர்போன வட்டாரம்.

தரை அப்படி ஒரு சமம். மேடு என்று சொல்ல ஒரு திட்டுக்கூட இல்லை. வந்த சில நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. கடல் ஏறுகிற நேரத்தில் இங்கே பல இடங்களில் நிலம் தண்ணீர் மட்டத்தைவிடத் தாழ்வு. கரையோரம் நெடுக மண்ணை உயர்த்தி அணை போட்டு, குறுக்கே மதகு வைத்து, உள்ளே வாய்க்கால் வாய்க்காலாக வெட்டியிருக்கிறார்கள். ஏற்றத்தில் மதகு மூடிக்கொள்ளும், வற்றத்தில் திறந்து உள்தண்ணீர் வெளியே போகும். கடலைத் தள்ளி நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மரம் நட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

செம்பனைக்குள் கம்பம் நட்டு அதன் உச்சியில் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டேன். ஆந்தைக்கு வீடாம். பழத்தைக் கொறிக்கிற எலியைப் பிடிக்கக் கூகை வளர்க்கிறார்கள். எங்கள் பக்கம் ஆந்தை கூரையில் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் பரிகாரம் தேடி ஓடுவார். இங்கே அதற்கு வாடகை இல்லாத குடியிருப்பு. என்னைப்போல அதற்கும் சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வந்ததே கடலோர ஊர் என்று சொன்னதால்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போனேன். மணல் இல்லை. அலையும் இல்லை. அலையாத்தி மரங்கள், அவற்றுக்கு அப்பால் கண்ணுக்கு எட்டும்வரை சாம்பல் நிறச் சேறு, சேற்றில் தாவுகிற மீன்கள், மிகத் தொலைவில் ஒரு பளபளப்பான கோடு. அந்தக் கோடுதான் மலாக்கா நீரிணை. வாடைக் காற்று அடிக்கிற மாதத்தில் நாகையில் கடல் இரைச்சல் ரயிலடி வரைக்கும் கேட்கும். இது பேசவே பேசாத கடல். ஏமாற்றமாக இருந்தது என்றுதான் முதலில் வீட்டுக்குச் சொன்னேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன்: இங்கே ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். அதை வீட்டுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் காரணம் புரிந்துவிடும்.

பெரியம்மா வீட்டில் ஓர் அறை. நான்தான் பெரியம்மா என்கிறேன், சொந்தம் ஒன்றுமில்லை. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பழைய லயங்களை இடித்தபோது இந்தச் சின்ன வரிசை வீட்டுக்கு வந்தவர். மூத்த மகன் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். இளையவன் கிள்ளானில் லோரி ஓட்டுகிறான். ஊரில் பாதி வீடு இப்படித்தான். தோட்டத்தில் இன்று குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். நம்மவர்களில் ஒரு தண்டல் (மேற்பார்வையாள்), ஒரு கிராணி (எழுத்தர்), சில டிராக்டர் ஓட்டுநர்கள் மிச்சம். மற்றவர்களை விடிவதற்கு முன்பே தொழிற்சாலைப் பேருந்து வந்து அள்ளிக்கொண்டு போகிறது.

பெரியம்மா பல வருஷம் உதிரிப் பழம் பொறுக்கியவர். செம்பனைக் குலை பழுத்தால் பழம் தானாக உதிரும். அதை வைத்துத்தான் வெட்டலாமா என்று பார்ப்பார்கள். உதிர்ந்ததில்தான் எண்ணெய் அதிகம், அதனால் ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். வெட்டிய குலை அன்றைக்கே ஆலைக்குப் போய்விட வேண்டும், நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஆலை அதிகாரி இல்லை, பெரியம்மா. வேலையைவிட்டு இத்தனை காலம் ஆகியும், சாலையில் டிராக்டரிலிருந்து விழுந்த ஒரு பழத்தைக் கண்டால் குனிந்து எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் நடப்பார். யாருக்காக என்று கேட்டேன். "கிடந்தா கண்ணு உறுத்துது" என்றார்.

காலையில் "பசியாறிட்டியா?" என்று ஆரம்பிக்கும். பசியாறாமல் வெளியே கால் வைக்க முடியாது. ஆனால் அடுப்படிக்குள் என்னை விட மாட்டார். பாத்திரம் துலக்கப் போனால், "நீ டீச்சர், உட்காரு" என்பார். மரியாதைதான். மரியாதை ஒரு நல்ல வேலி, வெளியிலேயே நிறுத்திவிடும். எனக்கு அந்த வேலி பழக்கமானது, வேறொரு பக்கத்திலிருந்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேலியை உடைத்தது செம்பிலாங். இந்தச் சேற்றுக் கடலில் கிடைக்கிற கெளுத்தி, பாம்பு உடம்பு, வாலை அடிக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் வாளி நிறைய உயிரோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள், மூன்றிலும் விஷம். குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும், கை வீங்கும். பெரியம்மா வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதிர்வீட்டு அக்காவும் வந்து பார்த்தார். இருவரும் தோட்டத்துப் பெண்கள். பாம்பை மண்வெட்டியால் அடிப்பார்கள், இதற்குத் தயங்கினார்கள். நான் கேட்காமல் உள்ளே போய், கத்தியும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு பின்கட்டில் குந்தினேன். துணியால் தலையை அமுக்கி, கத்தியின் பின்பக்கத்தால் முள்ளை அடியோடு தட்டி எறிந்தேன். சாம்பல் தேய்த்து வழவழப்பு எடுத்தேன். எங்கள் குப்பத்தில் பெண்பிள்ளைக்கு இது பத்து வயதுக்குள் வந்துவிடும்.

பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. ஆய்ந்து முடித்ததும் தட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "வயிற்றுத் தோலை ஏன் விட்டுட்ட? அதை யாரு எடுக்கிறது?" என்று அதட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. கணிதத்தில் நான் வாங்கிய முதுகலைப் பட்டத்தைப் பற்றி இந்த ஊரில் இதுவரை யாரும் விசாரித்ததில்லை. செம்பிலாங், திருக்கை, நண்டு வந்தால் மட்டும் ஆள் அனுப்புகிறார்கள். மீன் ஆய்ந்துகொண்டே அம்மாக்களோடு பேசினதில்தான் வகுப்புக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கு முன் ஒட்டிய அறிவிப்புத் தாளைப் படித்து வந்தவர் எவருமில்லை.

வகுப்பு கோவில் பக்கத்து மண்டபத்தில், சாயங்காலம். மழை நாளிலும் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போடுகிற நாளிலும் பாதிப் பேர்தான். சொல்லித் தருவது கணக்கு என்று சொன்னேன், ஆனால் சிக்கல் கணக்கில் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் தமிழில் கணக்குப் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாம் மலாயில். முதலாம் படிவத்துப் (ஏழாம் வகுப்பு மாதிரி) பையன் ஒருவன், இருபத்து நான்கில் எட்டில் மூன்று பங்கு எவ்வளவு என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒன்பது என்பான். அதே கணக்கு, அலியிடம் இத்தனை கோலிக்குண்டு இருந்தது, தம்பிக்கு இத்தனை பங்கு கொடுத்தான் என்று மலாயில் நான்கு வரியில் வந்தால், புத்தகத்தின் மூலையைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பள்ளியில் அவனுக்குக் கணக்கு வராது என்று எழுதிவிடுவார்கள்.

எனக்கும் மலாய் தெரியாது. அது ஒருவிதத்தில் வசதியாகப் போனது. கேள்வியைச் சத்தமாகப் படிப்போம். யாராவது ஒரு பிள்ளை அதைத் தமிழில் கதையாகச் சொல்லும். கணக்கைப் போடுவோம். பிறகு எல்லோரும் சேர்ந்து விடையை மலாயில் ஒரு முழு வாக்கியமாக எழுதுவோம். டாராப் (பெருக்கல்), பாஹாகி (வகுத்தல்), பெச்சாஹான் (பின்னம்) எல்லாம் எனக்குக் கற்றுக் கொடுத்தது நாலாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள். என் உச்சரிப்புக்குச் சிரித்துச் சிரித்து அவர்களுக்கு அந்தப் பயம் கொஞ்சம் விட்டுப்போனது. வகுப்பை உண்மையில் நடத்துகிறவள் ஐந்தாம் படிவத்துப் பெண் ஒருத்தி. நல்ல மலாய், நல்ல கணக்கு, கோபக்காரி. அவள்தான் வாத்தியார். நான் மண்டபத்துச் சாவிக்கு ஜாமீன்.

அரசுப் பொதுத்தேர்வுகளை நீக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை. 2021-இல் ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். போனது. 2022-இல் மூன்றாம் படிவத்து பி.டி.3-யும் போனது. பிள்ளைகளுக்கு நெருக்கடி குறைந்தது, சந்தோஷம். ஆனால் அவை போனதும் நாடு முழுமைக்குமான முதல் தேர்வே ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். என்றானது. வெளியாள் நான் கருத்துச் சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் சொல்கிறேன்: ஷிப்டு வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்குத் தங்கள் பிள்ளை பின்தங்கியிருப்பது தெரியவருவதற்குள் அதற்குப் பதினேழு வயது ஆகிவிட்டது.

இனி அந்த வேலி.

எனக்குப் பதின்மூன்று வயதில் சுனாமி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் கீச்சாங்குப்பம். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அந்தக் காலையைப் பற்றி எழுதுவதாக இல்லை. அதற்குப் பின் வந்த மாதங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொண்டூழியப் படிப்பு முழுவதும் அங்கே, வாங்குகிற பக்கத்தில் நின்று படித்தது.

லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கிழிந்தது, பித்தான் போனது, எங்கள் வெயிலுக்கு ஒவ்வாத கம்பளிச் சட்டை. சாலை ஓரத்தில் குவியல் குவியலாகக் கிடந்து நனைந்தது. எங்கள் பெண்கள் தொடவில்லை. ஒரு நாளில் வீடு வாசல் போகலாம், அதற்காக அடுத்தவர் கழித்துப் போட்டதை உடுத்துவதா? திமிர் என்று சிலர் எழுதினார்கள். பிறகு தார் அட்டைக் கொட்டகைகள். நண்பகலில் உள்ளே இருக்க முடியாது. அங்கேதான் பிள்ளைகளோடு பேச, பாட, விளையாட, வரையச் சொல்லக் குழுக்கள் வந்தன. நல்லவர்கள்தான், சந்தேகமில்லை. எல்லோரும் தாளும் கிரேயானும் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். போகப் போக, அவர்கள் வாய் திறப்பதற்குள் நாங்கள் நீலத்தை எடுத்துவிடுவோம். வந்த தண்ணீர் நீலமில்லை, கறுப்பு. ஆனால் கறுப்பில் வரைந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நிறையக் கேள்வி கேட்பார்கள். நீலத்தில் வரைந்தால் தலையைத் தடவிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார்கள். பிஸ்கட் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அவர்களில் ஓர் அக்கா மட்டும் வேறு. எங்கிருந்து வந்தவர் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. பாட்டுப் பாடவில்லை, படம் வரையச் சொல்லவில்லை. தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு எங்களுடன் வரிசையில் நிற்பார். அம்மாவோடு ரேஷன் கார்டுக்கும் வங்கிக்கும் அலைந்தார். ஒருமுறை படிவத்தில் அப்பா பெயரைத் தப்பாக எழுதிவிட்டார், மறுபடியும் முதலிலிருந்து வரிசை. அம்மா நடுரோட்டில் வைத்து அவரைத் திட்டினார், எங்களைத் திட்டுகிற அதே சொற்களால். வந்தவர்களில் அம்மா திட்டியது அவரை மட்டும்தான். மற்ற எல்லோரிடமும் கைகூப்பி நன்றி சொன்னார். அந்த அக்கா மாதக்கணக்கில் இருந்தார், போகிற அன்றைக்கு அம்மா அழுதார். நன்றி சொன்னதாக நினைவில்லை.

அதனால்தான், வயிற்றுத் தோலை ஏன் விட்டாய் என்று பெரியம்மா அதட்டியபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

இங்கேயும் குழுக்கள் வருகின்றன. ஒரு சனிக்கிழமை பட்டணத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பெயர் வேண்டாம். வேனில் பள்ளிப்பை, பென்சில் பெட்டி, பதாகை. மண்டபத்தைக் கேட்டார்கள், கொடுத்தோம். பை கொடுப்பதற்கு முன் பிள்ளைகளைப் படத்துக்கு நிறுத்த வேண்டும். அந்தக் குழுவின் பொறுப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், ஏழு வயதுப் பெண் ஒருத்தி முன்னால் வந்து மற்றவர்களை உயர வரிசைப்படி நிறுத்தினாள். குட்டைப் பிள்ளைகள் முன்னால், உட்கார்ந்து. நெட்டைப் பிள்ளைகள் பின்னால். பையை நெஞ்சுக்கு நேராக, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி. "சிரிங்க," என்றாள். எல்லாம் பத்து விநாடி வேலை. எங்கள் நீலக் கிரேயான்தான் நினைவுக்கு வந்தது. அவர்கள் போன பிறகு அவள் தன் பையைத் திறந்து பார்த்து, "போன வருஷத்துப் பையிலே ஜிப்பு நல்லா இருந்துச்சு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

கொடுப்பவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பை தேவைதான், நல்ல ஜிப்போடு. ஆனால் வகுப்பு நடக்கும்போது யாரும் படம் எடுக்கக் கூடாது என்று அதற்குப் பிறகு ஐந்தாம் படிவத்துக்காரியும் நானும் கோவில் தலைவரிடம் கேட்டு வாங்கிவிட்டோம். என் பக்கங்களில் பிள்ளைகள் படம் ஏன் இல்லை என்று கேட்ட நண்பர்களுக்கும் இதே பதில்.

கடைசி வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எண்பதைத் தாண்டியவர். நான் நாகப்பட்டினம் என்று தெரிந்த நாள்முதல் என்னை வேறு ஆளாகப் பார்ப்பதில்லை. அவருடைய அம்மா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். தோட்டத்துக்கு ஆள் எடுத்து அனுப்புவதை இந்தியா 1938-இல் நிறுத்துவதற்கு முன் வந்தவர்களில் ஒருத்தர். ரஜுலா 1926-லிருந்து 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். அதற்குப் பின் ஓடிய 'சிதம்பரம்' 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு நாகைக்கும் இந்தக் கரைக்குமான பயணிகள் போக்குவரத்து முடிந்தது. பாட்டியின் அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. பாட்டி இந்தத் தோட்டத்தில் பிறந்து, இந்தத் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக்குக் களை எடுத்து, இந்தத் தோட்டத்திலேயே கிழவியானவர். பிறப்புப் பத்திரம் இல்லை. இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான், நீலம் வரவில்லை. அதாவது இங்கே நிரந்தரமாக இருக்கலாம், குடிமகள் இல்லை.

அவருக்கு என்னிடம் ஒரே ஒரு காரியம். அம்மாவின் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊர்ப் பெயர் தெரியாது. ஊரில் ஒரு பெரிய குளம், குளத்தங்கரையில் ஐயனார், மண்குதிரை, அங்கிருந்து கப்பலடிக்கு ஒரு பகல் நடை. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், திருக்குவளை, எந்தப் பக்கம் திரும்பினாலும் குளமும் ஐயனாரும் குதிரையும் உண்டு. கண்டுபிடித்துத் தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எங்கள் கொட்டகைக்கு வந்தவர்கள் போகும்போது சொல்லிவிட்டுப்போன வாக்குறுதிகளை நாங்கள் வெகு காலம் எண்ணிக்கொண்டிருந்தோம். பதிலுக்கு, போகும்போதெல்லாம் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பாட்டி கண்ணை மூடிக் கேட்டு, "இல்லை... அடுத்தது" என்பார். இந்த வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும்தான். நாகை மாவட்டத்தில் நான் கேள்விப்படாத ஊர்களையெல்லாம் இதற்காகத் தேடிப் படித்துவிட்டேன்.

"நானும் வரலாமா?" என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு: முறையான அனுமதி இல்லாமல், சுற்றுலா வந்த கையோடு இப்படித் தங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அழைக்கிற அமைப்பு அதைச் செய்துதர வேண்டும். மூன்று வாரத்துக்கென்றால் வராதீர்கள். மூன்று வாரத்தில் உங்களை இவர்கள் உபசரித்துத்தான் அனுப்புவார்கள், அதற்கு இவர்களுக்குச் செலவு. துணி மூட்டை வேண்டாம். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை உங்களுக்கு. ஒருவர் வீட்டில் சாப்பிட்டால் பக்கத்து வீட்டிலும் சாப்பிட வேண்டிவரும், வயிற்றைத் தயார்செய்து கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் வாய்க்கால் விளிம்புவரை தண்ணீர் வரும். நான் கைபேசியில் ஏற்ற இறக்க நேரம் பார்ப்பதைப் பார்த்துப் பெரியம்மா சிரிப்பார், ஆனால் அந்த ராத்திரிகளில் என்னோடு அவரும் விழித்திருப்பார். காரணம் கேட்டதில்லை.

இன்னொன்று, ஊர்ச் சண்டையில் பக்கம் சேராதீர்கள். இங்கே கோவிலுக்கு ஒரு நிர்வாகம், அந்த நிர்வாகம் செல்லாது என்று சொல்கிற இன்னொரு நிர்வாகம். தலைவர் ஒருவர், முன்னாள் தலைவர் ஒருவர். போன திருவிழாக் கணக்கில் ஐந்நூற்றுச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) எங்கே போனது என்பதில் இரண்டு தரப்பும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் என் மண்டபத்தில் ஒரே பாயில் உட்கார்ந்து பின்னம் போடுகிறார்கள்.

போன வாரம் முன்னாள் தலைவர் வீட்டுக்கு வரச் சொன்னார். போனால், உள்ளே இந்நாள் தலைவரும் இருந்தார், கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. இந்த வருஷத் திருவிழா நன்கொடைக் கணக்கை நான் எழுத வேண்டுமாம். "நீ எந்தப் பக்கமும் இல்ல. சம்பளமும் வாங்கல. கணக்கு டீச்சர் வேற," என்றார் முன்னாள். இந்நாள் தலைவர் சுவரைப் பார்த்தபடி, "எழுத்து மட்டும் தெளிவா இருக்கணும்," என்றார். கேட்கவில்லை, சொன்னார்கள். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நோட்டையும் ரசீதையும் நான் பார்த்துக்கொள்கிறேன், பணத்தை இரண்டு தரப்பிலும் ஒவ்வோர் ஆள் சேர்ந்து பூட்டி வையுங்கள் என்றேன். அது மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பிடித்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உண்டியல் திறக்கிறார்கள். பசியாறாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள், அங்கேயே இட்லியாம். பெரியம்மாவிடம் சொன்னேன். "கோவில் இட்லி கல்லு மாதிரி இருக்கும், இங்கேயே பசியாறிட்டுப் போ" என்கிறார். இரண்டு இடத்திலும் சாப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.